மோத்தா வீட்டு ஆடும் நாற்காலி

நொச்சித்துறையில் சாளை மீன் ஒரு கூடைகூடக் கரைக்கு வராமல் போன வருஷத்தில்தான் கஸ்பார் மோத்தா வீட்டு நாற்காலி தானாக ஆடத் தொடங்கியது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் மீன் வராததற்கு இன்றைக்கும் வாய்பிளப்பார்களே தவிர, நாற்காலி ஆடியதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். அது அப்படித்தான், ஆடியது என்பார்கள், என்னவோ பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் வாங்கினார் என்பதைப் போல.

அந்த வீட்டுக்கு மருமகளாக வாழ்க்கைப்பட்டவள் பெனடிக்டா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், அங்கே பிள்ளையைப் பெற்றுவிட்டு ரத்தம் நிற்காமல் கிடந்து, சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்து, சொந்தபந்தமெல்லாம் கறுப்புச் சேலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணைத் திறந்து காப்பி கேட்டவள். மூன்றாம் மாதம் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்தாள். புருஷன் தொபியாஸ் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் இருந்தான். வரவேற்க இருந்தவர்கள் இரண்டே பேர்: மாமனார் கஸ்பார், பிறகு கல்யாணம் வேண்டாமென்று வீட்டோடு இருந்துவிட்ட புருஷனின் அக்கா, மைனி ரொசாரி. வலதுகாலை எடுத்துவைத்து அவள் கூடத்தைத் தாண்டும்போது, சுவரோரம் கிடந்த அந்தப் பழைய ஆடும் நாற்காலி ஒருதரம் முன்னால் குனிந்தது. பிறகு பின்னால் சாய்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை.

"காத்து," என்றாள் ரொசாரி. கொடியில் கிடந்த சேலை ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆளில்லாத நாற்காலி ஆடினால் வீட்டுக்கு ஆகாது என்று ரொசாரி போய்க் கையை வைத்து நிறுத்தினாள். நிறுத்தின மறுகணம் பெனடிக்டாவின் தோளில் கிடந்த பிள்ளைக்கு மூச்சு நின்றது. உதடு நாவல்பழ நிறமாயிற்று. பெனடிக்டா போட்ட கூச்சலில் ரொசாரி கையை எடுத்துவிட்டாள், நாற்காலி ஆடியது, பிள்ளை மூச்சை இழுத்தது. மறுநாள் ஒரு விளக்குமாறு சரிந்து நாற்காலியின் வளைகாலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டபோதும் இதே கதைதான். அதற்குமேல் சோதித்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நெஞ்சுத் துணிவு இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போய்விடலாமென்று பெனடிக்டா தெருமுனைவரை ஓடினாள். முனை திரும்பியதும் பிள்ளை துவண்டது, திரும்பி ஓடிவந்தாள். டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிறகு நாற்காலியைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்து, மூச்சுக்கு ஒரு ஆட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வைட்டமின் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெரு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் வாரம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் கைவேலையோடு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள், மூன்றாம் வாரம் பார்ப்பதையே மறந்துவிட்டு அந்த ஆட்டத்துக்குத் தக்கபடி வலைக்கண் முடிந்தார்கள். மீன்காரி லில்லிப்பூ மோத்தா வீட்டு வாசல் வந்ததும் குரலைத் தணித்தாள். கரண்டு கணக்கெடுக்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்தார். கோவிலில் பாட்டுக்காரர்கள் மாதா பாட்டைத் தங்களுக்கே தெரியாமல் அந்தத் தாளத்துக்கு இழுத்துப் பாட, ஆர்மோனியக்காரருக்கு மட்டும் கோபம் வந்தது. விளையாடும் பிள்ளைகள் எல்லாவற்றிலும் கைவைக்கிற பிள்ளைகள்தான். ஆனாலும் அந்த நாற்காலியைச் சுற்றி யாரும் கிழிக்காத ஒரு கோட்டுக்கு வெளியேதான் ஓடினார்கள். வாரத்துக்கு ஒருவராகத் தெருப் பெண்கள் முறைவைத்து, யாரும் தவறிப்போய் இடித்துவிடாதபடி காவல் இருந்தார்கள். முறையை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் தவறவும் இல்லை.

எல்லாம் பழகிப்போயிருக்கும், ரொசாரி மட்டும் ஒரு கோட்டைப் போடாமல் இருந்திருந்தால். நாற்காலி முன்னால் சாயும்போது வளைகாலின் மூக்கு எதுவரை வருகிறதோ அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்திருந்தாள், சும்மா ஒரு அடையாளத்துக்கு. பத்து நாள் கழித்துக் கூட்டிப் பெருக்கும்போது பார்த்தால், மூக்கு கோட்டைத் தொடவில்லை. ஒரு விரல் குறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள். அடுத்த வாரம் அதுவும் எட்டவில்லை. ஆட்டம் சுருங்கச் சுருங்கப் பிள்ளையின் மூச்சும் மேலோட்டமாகிக்கொண்டே வந்தது. பால் குடிக்கையில் பாதியிலேயே களைத்துவிட்டது, அழுகை பூனைக்குட்டியின் முனகலாகிவிட்டது. கையால் தள்ளி ஆட்டிவிடலாமென்று பெனடிக்டா முதுகுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். வெறும் நாற்காலியைத் தள்ளுகிறமாதிரி இல்லை. யாரோ உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தள்ளுகிறமாதிரி கனத்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

பங்குச் சாமியார் வந்து நின்று பார்த்தார். தீர்த்தம் தெளிக்கக் கையை உயர்த்தியவர், தெளித்தால் நின்றுவிடுமோ என்று யோசித்துக் கையை இறக்கிக்கொண்டார். "யார் ஆட்டுறாங்கன்னு தெரிஞ்சா அவங்க பேருக்குப் பூசை வைக்கலாம்," என்றார். "பேர் தெரியாம யாருக்குன்னு வேண்டிக்கிறது? இது யாரு நாற்காலி, எந்தக் காலத்தது, எங்கேருந்து வந்ததுன்னு மொதல்ல பாருங்க."

இதைக் கேட்டதும் கஸ்பார் மோத்தாவுக்கு மீசை துடித்தது. அறுபத்துநாலு வயது மனிதர், பாதி ஆயுளை அந்த நாற்காலியின் கதையைச் சொல்லியே கழித்தவர். "இதுல பாக்கறதுக்கு என்ன சாமி இருக்கு? எங்க தாத்தா பெரியவர் இஞ்ஞாசி மோத்தா நடுக்கடல்ல ஒரு வெள்ளைக்காரன் கப்பலைக் காப்பாத்துனாவ. கொழும்புல அந்தத் துரை தன் கையால தூக்கிக் குடுத்த நாற்காலி இது. பெரியவர் இருந்த நாற்காலி. அதனாலதான் இந்த வீட்டுப் பொம்பளைங்க யாரும் இதுல உக்கார்றது கிடையாது. நூறு வருஷத்துப் பழக்கம்."

அது உண்மைதான். பெரிய திருநாளன்று குடும்பத் தலைவர் மட்டும் சட்டை மாற்றி, அதில் ஐந்து நிமிஷம் விறைப்பாக உட்கார்ந்து எழுவார். பெண்கள் துடைக்கலாம், எண்ணெய் போடலாம், உட்காரக் கூடாது. அப்படி ஒரு பெருமை அந்த வீட்டு ஆம்பளைகளுக்கு. செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஒரு பூர்வீகம் கொண்டுவந்தார்கள். கொழும்பு இல்லை, மலாக்கா என்றார் ஒரு சித்தப்பா. டச்சுக்காரன் விட்டுப்போனது என்றார் ஒரு மாமா, டச்சுக்காரனை நேரில் வழியனுப்பி வைத்தவர்போல. இதற்கிடையில் தரையில் ஐந்தாவது கோடு விழுந்தது.

பெனடிக்டா யாரிடமும் கேட்காமல் தோணித்துறைக்குப் போய் சூசை மிக்கேல் ஓடாவியைக் கூட்டிவந்தாள். தோணி கட்டுகிற தச்சருக்கு அங்கே ஓடாவி என்று பெயர். ஓடாவி நாற்காலியை நிறுத்தச் சொல்லவில்லை, தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். படுத்து, அதன் ஆட்டத்துக்குத் தகுந்தபடி தலையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே அடிப்பக்கத்தைப் பார்த்தார். மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முக்கால்மணி நேரம் ஆயிற்று. கூடம் நிறையச் சனம் கூடிவிட்டது.

"மேல் நாற்காலி பலா," என்றார் எழுந்து உட்கார்ந்து. "சிலோன் பலா. அதுவரைக்கும் அண்ணாச்சி சொல்லுதது சரி. ஆனா இது பொறக்கையில ஆடுற நாற்காலி இல்ல. நாலு காலையும் அறுத்திருக்கு. கீழ இருக்கிற வளைகால் ரெண்டும் நம்மூரு கருவேலம். தோணிக்கு விலா வைக்க வளைச்சு எடுத்த கட்டை. அடிச்சிருக்கது தோணி ஆணி. எங்க தாத்தா காலத்து ஆணி, தலை சதுரமா இருக்கும்."

"துரை குடுத்தப்புறம் பெரியவர் மாத்தியிருப்பாவ," என்றார் கஸ்பார்.

"இருக்கும். ஆனா ஆம்பளை உக்கார மாத்தலை. கைப்பிடியைப் பாருங்க. வெளிப்பக்கம் அப்படியே இருக்கு, உள்பக்கம் மட்டும் சீவி எறக்கியிருக்கு. மடியில பிள்ளையைப் போட்டுக்கிட்டு முழங்கையை ஊணுற உயரம். எவனோ ஒருத்தன் பெஞ்சாதி முழுகாம இருக்கையில, ஆசைஆசையா, தோணிக் கட்டையில வெட்டி ஒட்டிக் குடுத்திருக்கான்." ஓடாவி வேட்டியைத் தட்டிக்கொண்டார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல மேலும் சொன்னார். "இன்னொண்ணு இருக்கு. வளைகாலுக்கு அடியில முன்னாலயும் பின்னாலயும் ஆப்பு கடிச்ச தடம் இருக்கு. நல்ல அழுத்தமான தடம். கனமா ஏதோ இருக்கையில ஆடாம இருக்க ஆப்பு வச்சிருக்காங்க. ஆடணும்னு செஞ்ச நாற்காலிக்கு எவன் ஆப்பு வைப்பான்?"

அடுப்படி வாசலில் நின்ற ரொசாரிதான் மெதுவாகச் சொன்னாள். "போட்டோ எடுக்கறதுக்கு."

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்று கடைசிப் படம் எடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று உண்டு. தலை சாயாமல் இருக்க வேண்டும், நாற்காலி அசையாமல் இருக்க வேண்டும்.

பெனடிக்டா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அங்கே, கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் தூசி தட்டுகிற ஒரு படம் தொங்கியது. இதே நாற்காலியில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. பெரியவரும் அவருடைய அம்மாவும் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். அந்தக் காலத்துக் காமிராவுக்கு முன்னால் எண்ணி முடிக்கும்வரை ஆடாமல் இருக்க வேண்டுமாம், பிள்ளை ஆடிவிட்டதால் முகம் புகைபோலக் கலங்கிப் போயிருக்கிறது, பெரியவர் அப்பவே அடங்காதவர் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பெனடிக்டா முக்காலியைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தாள். குழந்தை கலங்கியிருந்தது. அந்தப் பெண் கொஞ்சங்கூடக் கலங்கவில்லை. கண் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மூச்சு விடுகிற மனுஷி அவ்வளவு தெளிவாக விழ முடியாது. குழந்தையை அவள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, சேலை மடிப்பில் செருகி வைத்திருந்தார்கள். வளைகாலின் மூக்குக்கு அடியில், இத்தனை வருஷமாக யாரும் பார்க்காத இடத்தில், சின்னதாய் ஒரு கறுப்பு முக்கோணம்.

"இது பெரியவரோட அம்மா பிரகாசியம்மா," என்றார் கஸ்பார். குரல் இறங்கியிருந்தது. "அறுபது வயசு வரைக்கும் இருந்தாவ. எங்கப்பாவே பாத்திருக்காவ."

சாமியார் சொல்லியனுப்ப, கோவில் உபதேசியார் பூசை உடுப்பு வைக்கிற மேடையறையில் இருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று புத்தகங்களையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். முதலில் ஞானஸ்நானப் புத்தகத்தின் செல்லரித்த ஏட்டை விரலால் தொடாமல் மூச்சால் ஊதிப் புரட்டினார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்துநாலு, பிப்ரவரி மாதம். இஞ்ஞாசி என்று பெயரிடப்பட்ட ஆண்குழந்தை. தகப்பன் தோணித் தச்சன் சவேரி மோத்தா. தாய் அந்தோனியா. அடுத்து அடக்கப் புத்தகத்தைத் திறந்தார். எட்டு நாள் தள்ளி, சவேரி மோத்தாவின் மனைவி அந்தோனியா, வயது பதினேழு, பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில். பிரகாசி என்ற பெயர் அதற்கு அடுத்த வருஷம், சவேரியின் இரண்டாம் தாரமாக, கல்யாணப் புத்தகத்தில்தான் வந்தது.

அவ்வளவுதான் அந்த நாற்காலியின் பூர்வீகம். நூற்றுப்பத்து வயது. துரையும் இல்லை, கப்பலும் இல்லை. பிள்ளையை ஆட்டுவதற்கென்று செய்த நாற்காலியில் அவளை உட்காரவைத்துப் பிள்ளையையும் மடியில் வைத்து, ஆடவிடாமல் ஆப்பு வைத்துவிட்டார்கள். செத்தவர்களுக்கு வேண்டிக்கொள்கிற ஆல்சோல்ஸ் அன்று கல்லறையில் வாசிக்கிற மோத்தா குடும்பத்து மரித்தோர் பட்டியலில் அவள் பெயர் ஒருதரம்கூட வந்ததில்லை. சாமியார் அன்று மத்தியானமே அவள் பெயருக்குப் பூசை வைத்தார். பூசை முடிந்து வந்து பார்த்தால், ஆட்டம் இன்னும் சுருங்கியிருந்தது. இப்போது வளைகாலின் மூக்கு அசைவது உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. பிள்ளையின் நெஞ்சும் அப்படித்தான்.

"பூசை இல்ல மைனி அவளுக்கு வேண்டியது," என்று சொல்லிவிட்டுப் பெனடிக்டா தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுத்தாள்.

கஸ்பார் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். "பெனிட்டா, வேண்டாம் தாயி. இதுல பொம்பளை உக்காரக் கூடாது."

"பெரியவர் உக்காந்ததாலயா மாமா? நெசமாச் சொல்லுங்க. அவுக இதுல உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

கிழவர் நிறுத்திவிடாமல் கைப்பிடியை மெல்லத் தொட்டார். இத்தனை வருஷமாகச் சொல்லிச்சொல்லி மெருகேறிய கதை, கேட்கிறவன் இல்லாத இடத்தில்கூடத் தானாக வாயில் வருகிற கதை, அன்றைக்கு வரவில்லை. "இல்ல," என்றார். "ஒருநாளும் உக்காந்ததில்ல. எனக்கு ஏழு வயசு இருக்கும். தினமும் கடலுக்குப் போறதுக்கு முன்னால வந்து கைப்பிடியில கைய வச்சிக்கிட்டு நிப்பாவ. அவ்வளவுதான். ஒருதரம் எங்க அத்தை சோர்வா இருக்குன்னு இதுல உக்காரப் போனா. தாத்தா போட்ட சத்தத்துல வீடே நடுங்கிட்டு. உக்காந்துராத, உக்காந்துராதன்னு கத்துனாவ. கண்ணுல தண்ணி. அது எதுக்குன்னு யாரும் கேக்கல. பொம்பளைக்கு ஆகாதுன்னு நாங்களா வச்சிக்கிட்டோம்." அவர் கைப்பிடியில் இருந்து கையை எடுத்தார். ஐம்பது வயது தாண்டிய ஆம்பளை தன் அம்மா மடியைப் பிறர் மிதிக்கக் கூடாது என்று அழுதிருக்கிறார், அதைப்போய் நம் பெருமையாக்கிக்கொண்டோமே என்று கஸ்பாருக்கு உறைத்தது. விலகி நின்றார்.

பெனடிக்டா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிரம்புப் பின்னல்வரை அவள் போய்ச் சேரவில்லை. அதற்கு முன்னாலேயே ஒரு மடி அவளைத் தாங்கியது. ஒல்லியான இரண்டு தொடைகள், மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. முதுகுக்குப் பின்னால் ஒரு நெஞ்சு இருந்தது. அதில் மூச்சு இல்லை. இரண்டு கைகள் அவள் விலாவைச் சுற்றி வந்து, அவள் கைகளுக்கு அடியில், பிள்ளைக்கு அடியில், கோத்துக்கொண்டன. கூடத்தில் நின்றவர்கள் கண்ணுக்குப் பெனடிக்டா மட்டும்தான் தெரிந்தாள், ஆனால் அவள் உட்கார்ந்திருந்த உயரம் சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நாற்காலி ஆடியது. ஐந்தாவது கோட்டைத் தொட்டது, நாலாவதைத் தொட்டது, முதல் கோட்டையும் தாண்டி ஒரு சாண் தள்ளிப் போய், பின்னால் சுவரை இடிக்கிறமாதிரி சாய்ந்து வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அது அப்படி அழுததே இல்லை, தெருவே கேட்டது. அழுது ஓய்ந்து, பால் குடித்து, விரலை மூடிக்கொண்டு தூங்கியது. நாற்காலி மெல்ல மெல்லத் தணிந்தது. தணிந்து, நின்றது.

ரொசாரி பாய்ந்துவந்து பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தாள். விரலை எடுக்காமல் பத்து மூச்சு எண்ணினாள். பிறகு, "தானா விடுது," என்றாள். "மூச்சு தானா விடுது." சொல்லிவிட்டு அழுதாள்.

பெனடிக்டா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. விலாவைச் சுற்றிய கைகள் விடவில்லை, இன்னும் கொஞ்சம் இறுகின. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து கஸ்பார் கையை நீட்டினார். வேண்டாமென்று தலையசைத்தாள். சாகக் கிடந்த அந்தக் கட்டிலில், பிள்ளையை ஒருதரம் தூக்கிவிட்டுப் போகிறேனே என்று தான் யாரிடமோ கெஞ்சியது அவளுக்கு ஞாபகம் வந்தது. தன்னைவிட ஏழு வயது இளையவளிடம் பேசுகிற குரலில், தணிவாகப் பேசினாள்.

"அந்தோனியா. ஓம் பிள்ள நல்லா இருந்தாம்மா. வளந்து ஆளாயி, தோணி வாங்கி, பேரம்பேத்தி பாத்துட்டுத்தான் போனான். தினமும் உங்கிட்ட வந்து சொல்லிக்கிட்டுத்தான் கடலுக்குப் போனான். ஒனக்குத் தெரியும். இவ எம் பிள்ள. இவளுக்கு நா இருக்கேன். விடு தாயி."

கைகள் உடனே விடவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கீழே கிடத்துகிறவள் எப்படி எடுப்பாளோ அப்படி, பிள்ளைக்கு அடியில் இருந்து ஒவ்வொரு விரலாக உருவி எடுத்தன. கடைசி விரல் போனதும் பெனடிக்டா பிரம்பின்மேல் இறங்கினாள். பழைய பிரம்பு கிறீச்சென்றது.

அவள் எழுந்து நடந்தபோது பின்னால் நின்ற பெண்கள்தான் அதைப் பார்த்தார்கள். அவள் ரவிக்கையின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம். புழுக்கம், வேர்வையாயிருக்கும் என்றார் கஸ்பார். ரொசாரி விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். பிறகு தன் சேலைத் தலைப்பை எடுத்து அந்த முதுகைப் போர்த்திவிட்டாள், அங்கே நின்ற பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாருக்கும் அது என்ன வாசனை என்று தெரியும்.